தெர்மாகோலை விடுங்கள், ஒழுகும் குழாயைப் பிடியுங்கள்: ஒன்பதாம் வகுப்புக்கு ஆறு வாரச் செயல்திட்டம்

நம் பள்ளிகளில் பிராஜெக்ட் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அறிவிப்பு வரும், திங்கட்கிழமை காலையில் மேசை நிறைய எரிமலையும் சூரியக் குடும்பமும் தெர்மாகோலில் வந்து உட்கார்ந்திருக்கும். பாதி அம்மாவோ அக்காவோ செய்தது, மீதி கடையில் செய்தபடியே வாங்கியது. மார்க் போட்டு பீரோ மேல் ஏற்றி வைத்தால் வேலை முடிந்தது. பிள்ளைக்கு அதில் கத்தரிப்பதையும் ஒட்டுவதையும் தாண்டி ஒன்றும் கிடைத்திருக்காது, ஆனால் வீட்டில் இருநூறு முந்நூறு ரூபாய் செலவாகியிருக்கும். அந்தப் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடும். இதைப் பல வருஷம் பார்த்து மனம் நொந்துதான் நான் வேறு மாதிரி நடத்தத் தொடங்கினேன்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் நான் செய்து பார்த்தது, தவறு செய்து திருத்திக்கொண்டது. பத்தாம் வகுப்பில் இவ்வளவு நேரம் கிடைக்காது, எட்டாம் வகுப்பில் கொஞ்சம் சுருக்கிச் செய்யலாம். ஒன்பதுதான் சரியான இடம், பிள்ளைகளுக்குக் கணக்கும் வரும், பொதுத்தேர்வு பயமும் இன்னும் ஏறியிருக்காது.

செயல்திட்டம் வழியாகக் கற்பிப்பது புதிய விஷயமே இல்லை. அமெரிக்காவில் கில்பாட்ரிக் என்ற கல்வியாளர் 1918-லேயே இதை ஒரு முறையாக எழுதி வைத்தார். இங்கே 1937-இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வி பேசியபோது, கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் வரட்டும் என்றுதான் கேட்டார். இப்போது எல்லோரும் புதிய திறன்கள் என்று சொல்கிறார்களே, தரவைப் படிப்பது, சேர்ந்து வேலை செய்வது, நாலு பேர் முன்னால் பேசுவது, கம்ப்யூட்டரைக் கருவியாகப் பயன்படுத்துவது என்று, அவற்றையெல்லாம் தனித்தனிப் பாடமாக நடத்திப் புகட்ட முடியாது. ஒரு வேலையில் இறங்கினால்தான் அவை தேவைப்படும், தேவைப்பட்டால்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

இதில்தான் பாதி வெற்றி இருக்கிறது, அதனால் அவசரப்படாதீர்கள். எந்தக் கேள்வியாக இருந்தாலும் இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, அதன் விடை எனக்கும் தெரியாமல் இருக்க வேண்டும். இன்னொன்று, அந்த விடை யாரோ ஒரு ஆளுக்கு உண்மையிலேயே வேண்டியிருக்க வேண்டும். 'நீர் மாசுபாடு பற்றி ஒரு செயல்திட்டம்' என்றால் அது கேள்வியே இல்லை, தலைப்பு. பிள்ளைகள் இணையத்தில் தேடி, அச்செடுத்து, ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். 'நம் பள்ளிக் குழாய்களில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வீணாகிறது, அதை நிறுத்த எவ்வளவு செலவாகும்?' என்று கேட்டுப் பாருங்கள். விடை எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை, எழுந்து போய் அளந்தே ஆக வேண்டும். தலைமை ஆசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் அந்த எண் வேண்டும்.

தண்ணீர்தான் என்று கட்டாயமில்லை. மின்சாரம் எடுக்கலாம்: தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதைத் தாண்டினால் எந்தப் பொருளால் தாண்டுகிறோம் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு மீட்டரை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, பள்ளியைச் சுற்றியுள்ள 200 மீட்டருக்குள் ஒரு வாரத்தில் அது எவ்வளவு கிடைக்கிறது என்று பொறுக்கி எடைபோடலாம் (கையுறை இல்லாமல் இறக்காதீர்கள்). சத்துணவில் எந்த நாளில் எது மிஞ்சுகிறது என்று பார்க்கலாம். எனக்குத் தண்ணீர் பிடித்ததற்குக் காரணம், ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களில் அது எல்லாப் பக்கமும் தொடுகிறது. அறிவியலில் அளவீடும் பாய்மங்களும், கணக்கில் அளவியலும் புள்ளியியலும், சமூக அறிவியலில் நீர்க்கோளமும் உள்ளாட்சியும், தமிழில் தண்ணீரைப் பற்றியே ஓர் உரைநடை. மற்ற பாட ஆசிரியர்களிடம் உதவி கேட்கும்போது 'உங்கள் போர்ஷனும் இதில் முடியும்' என்று சொல்ல முடிந்தால், ஸ்டாஃப் ரூமில் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

தலைமை ஆசிரியரிடம் போகும்போதும் வெறும் ஆர்வத்தோடு போகாதீர்கள். ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த இயல், எத்தனை பீரியடு, எந்தத் தேதியில் முடியும், செலவு எவ்வளவு. வாரத்துக்கு மூன்று பீரியடு என்று ஆறு வாரம், மொத்தம் 18 பீரியடு. செலவு என்று பார்த்தால் ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டுவது), அளவு ஜாடி (லேப்பிலேயே இருக்கும்), ஒரு டேப், நோட்டுகள். ஜூலை முதல் வாரத்தில் ஆரம்பித்தால் ஆகஸ்ட் 15 கிராம சபைக்குச் சரியாக முடியும், காலாண்டுத் தேர்வுக்கும் இடைஞ்சல் வராது. அது தவறினால் அக்டோபர் 2 இருக்கிறது. கிராம சபையை ஏன் இழுக்கிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

குழு பிரிப்பது

ஒரு குழுவுக்கு ஐந்து பேர், ஆறுக்கு மேல் வேண்டாம். முதல் வருஷம் ராங்க் பார்த்துப் பிரித்தேன், நன்றாகப் படிப்பவர் ஒருவர், சுமார் இருவர், மெல்லக் கற்போர் இருவர் என்று. அது தவறாகப் போனது. படிக்கிற பிள்ளையே எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டாள், மற்ற நால்வரும் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதைவிடப் பெரிய தவறு ஒன்று எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் கண்ணில் பட்டது. எல்லாக் குழுவிலும் ஆண் பிள்ளைகள் கையில் டேப்பும் மீட்டரும் இருந்தன, பெண் பிள்ளைகள் கையில் நோட்டு இருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே அப்படிப் பிரிந்துவிட்டது.

இப்போது ஐந்து வேலைகளைத் தெளிவாகப் பெயர் சொல்லி எழுதிவிடுகிறேன்: அளப்பவர், குறிப்பவர், கணக்குப் பார்ப்பவர், வெளியாட்களிடம் பேசுபவர், சாமான்களுக்கும் நேரத்துக்கும் பொறுப்பானவர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலை மாறும். ஆறு வாரத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் ஒருமுறையாவது தொட்டிருப்பார்கள். அதோடு ஒரே தெருப் பிள்ளைகளை ஒரே குழுவில் போடுவதில்லை, கலந்து போடுகிறேன். பள்ளியில்கூடச் சேர்ந்து வேலை செய்யவில்லையென்றால் பிறகு எங்கே செய்வார்கள்?

முதல் இரண்டு வாரம்: அளப்பது

முதல் நாள் பாடம் எதுவும் நடத்த வேண்டாம். பிள்ளைகளைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய், 'இதில் எவ்வளவு வீணாகிறது, யாராவது சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அரை லிட்டர் என்பான் ஒருவன், நூறு குடம் என்பாள் ஒருத்தி. எல்லா ஊகத்தையும் கரும்பலகையில் எழுதி அழிக்காமல் வையுங்கள், கடைசி வாரம் திரும்பிப் பார்ப்பதற்கு.

அளக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள், இதைத்தான் ரொம்பவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நமக்கு வாய் அரிக்கும், 'ஒரு பாட்டிலை வை, நேரத்தைப் பார்' என்று சொல்லிவிடத் தோன்றும். பத்து நிமிடம் பொறுங்கள். ஒரு குழு சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது, இன்னொன்று பக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனது, மூன்றாவது குழுவில் ஒரு பெண் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் குழாய்க்கு அடியில் வைத்து, அது கோணலாகச் சாயாமல் இருக்க இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். 20 நிமிடத்தில் பாட்டில் நிரம்பியது. அப்புறம் கணக்கை அவளே போட்டாள்: ஒரு மணி நேரத்துக்கு 3 லிட்டர், ஒரு நாளைக்கு 72 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் கிட்டத்தட்ட ஐந்து குடம், ஒரே குழாயில். அந்த எண்ணைச் சொல்லும்போது அவள் குரல் உயர்ந்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள்தான் உண்மையான பாடம் வந்தது. அதே குழாயை வேறு இரண்டு குழுக்கள் அளந்தன. ஒன்றுக்கு 18 நிமிடம், இன்னொன்றுக்கு 22. ஒருவர் நாளைக்கு 80 லிட்டர் என்கிறார், மற்றவர் 65 என்கிறார், இருவரும் சத்தியம் செய்கிறார்கள். யார் தப்பு என்று சண்டை. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். 18 நிமிடக் குழு காலையில் மோட்டார் போட்டு நிறுத்திய உடனே அளந்திருந்தது, 22 நிமிடக் குழு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தொட்டி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தபோது. வகுப்பில் எப்போதும் வாயே திறக்காத ஒரு பையன், அவன் அப்பா ப்ளம்பர் வேலை செய்பவர், பின் பெஞ்சிலிருந்து சொன்னான்: 'டீச்சர், தொட்டி நிறைய இருந்தா கீழ அழுத்தம் ஜாஸ்தி, அதான் வேகமா ஒழுகுது.' திரவத்தின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது என்று புத்தகத்தில் இருப்பதை நான் வருஷா வருஷம் சூத்திரம் எழுதிப்போட்டு நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு அதை அவன்தான் நடத்தினான், நான் சூத்திரத்தைக் கடைசியில் எழுதினேன், அவ்வளவே. அதற்குப் பிறகு ஒரே அளவை மூன்று நேரத்தில் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளே விதி போட்டுக்கொண்டார்கள். சராசரி எதற்கு என்று அவர்களுக்கு இனி யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நான்காவது வாரம்: பள்ளிக்கு வெளியே

பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, கூட ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு அனுப்புங்கள். திறந்த கிணற்றுப் பக்கம் பிள்ளைகளைத் தனியாக விடவே கூடாது, நீர்மட்டம் பார்க்க வேண்டுமானால் கயிற்றைப் பெரியவர் இறக்கட்டும். ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும், 'வேண்டாம்' என்றால் விட்டுவிட வேண்டும். பேட்டிக்குப் போகும் முன் வகுப்பிலேயே ஒருமுறை நடித்துப் பாருங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு டேங்க் ஆபரேட்டரிடம் வணக்கம் சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கவே கூச்சமாக இருக்கும்.

தெருக்குழாயை அளப்பதும் அதே பாட்டில் முறைதான், ஆனால் ஒப்பிட ஒரு அளவுகோல் கொடுங்கள். வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். நாலு பேர் வீட்டுக்கு 220 லிட்டர். ஒரு தெருவில் 20 நிமிடம் தண்ணீர் வருகிறது, ஒரு குடம் நிரம்ப 2 நிமிடம் ஆகிறது என்றால் மொத்தமே பத்துக் குடம், 150 லிட்டர். 70 லிட்டர் குறைகிறது. பிள்ளைகள் இதை நோட்டில் எழுதும்போது அது கணக்குப் பாடமாக இருக்காது, தன் அம்மா காலை நாலு மணிக்கு ஏன் எழுந்திருக்கிறாள் என்பதற்கான விடையாக இருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம் என்று வரிசையாக எழுதினால் ஊரின் சாதி வரைபடமும் அதோடு சேர்ந்து வெளியே வரலாம். பைப்லைனின் கடைசியில் இருக்கும் தெரு எது, ஏன் அது கடைசியில் இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியை அடக்காதீர்கள். ஆனால் நீங்கள் முன்கூட்டியே தயாராக இருங்கள், தலைமை ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள், அட்டவணையில் வீட்டுக்காரர் பெயரோ பிள்ளை பெயரோ இல்லாமல் தெரு 1, தெரு 2 என்று போடுங்கள். எண்ணை மட்டும் மாற்றாதீர்கள்.

டி.டி.எஸ். மீட்டர் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், எதைப் பார்த்தாலும் முக்கிப் பார்ப்பார்கள். குடிநீர் தர அளவில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை ஏற்கலாம் என்று இருக்கிறது. ஆனால் அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், ஃப்ளோரைடு தனியாகத் தெரியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள், அங்கே ஃப்ளோரைடுதான் பிரச்சினை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துச் சோதிக்கலாம். ஒரு கருவி எதைக் காட்டாது என்று தெரிந்துகொள்வது, அதை இயக்கத் தெரிவதைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

ஐந்தாவது வாரம்: கம்ப்யூட்டரும் ஏஐயும்

ஹைடெக் லேப் இருந்தால் இரண்டு பீரியடு கேட்டு வாங்குங்கள். ஷீட்டில் எண்களை ஏற்றுவது, சராசரி, ஒரு பட்டை விளக்கப்படம், இந்த மூன்று போதும். பவர்பாயிண்டில் எழுத்து பறந்து வருவதற்கு ஒரு நிமிடம்கூடச் செலவழிக்க விடாதீர்கள்.

பிள்ளைகள் சாட்ஜிபிடியைக் கேட்கத்தான் போகிறார்கள், வீட்டு போனில் இருக்கிறது. தடுத்துப் பயனில்லை. நான் வைத்திருக்கும் விதி எளியது. எண் எல்லாம் நாம் அளந்தது. மனு முதலில் நீயே உன் தமிழில் எழுத வேண்டும், அப்புறம் வேண்டுமானால் அதைக் காட்டித் திருத்தம் கேள், எது மாறியது என்று நோட்டில் எழுது. ஒருமுறை ஒரு குழு எங்கள் ஊர் நிலத்தடி நீர்மட்டத்தைக் கேட்டது, பதில் அழகாக வந்தது. பிறகு போய்க் கிணற்றில் கயிறு இறக்கிப் பார்த்தால் சம்பந்தமே இல்லை. அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் ஒட்டி வைத்தோம்.

நேரம் இருந்தால் கூரைக் கணக்கும் போடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 30 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலக் கட்டடம், வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை, 1,89,000 லிட்டர். வழியில் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் ஒன்றரை லட்சம். 2003-லிருந்து எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், உங்கள் பள்ளிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பிள்ளைகளை விட்டுத் தேடச் சொல்லுங்கள்.

மதிப்பெண்

20 மதிப்பெண் என்றால் குழுவுக்கு 8, தனி ஆளுக்கு 12. குழுவுக்கு மட்டும் போட்டால் ஒருவர் உழைப்பார், நால்வர் வாங்குவார்கள். தனி மதிப்பெண்ணில் 6 நோட்டுக்கு: தேதி போட்டு, அடித்துத் திருத்தியது உட்பட எல்லாம் இருக்க வேண்டும். சுத்தமாகப் பார்த்து எழுதிய நோட்டுக்கு நான் குறைத்துத்தான் போடுவேன். மீதி 6 வாய்மொழிக்கு, ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று நிமிடம், 'இந்த எண் எப்படி வந்தது?' என்று கேட்டாலே போதும், யார் செய்தார் யார் செய்யவில்லை என்று தெரிந்துவிடும். இந்தப் பங்கீட்டை முதல் நாளே சுவரில் ஒட்டிவிடுங்கள்.

போர்ஷன் முடியாதே என்று கேட்பீர்கள். 18 பீரியடில் நான் அளவீடு, பாய்மங்கள் இரண்டிலும் பெரும்பகுதியை முடித்துவிடுகிறேன், மிச்சத்துக்கு நாலைந்து பீரியடு கூடுதலாகப் பிடிக்கும், உண்மை. வினா விடைப் பயிற்சியும் கடைசியில் தனியாகக் கொடுக்கத்தான் வேண்டும்.

நல்ல செயல்திட்டம் அமைந்துவிட்டால் அங்கேயே நிறுத்தாதீர்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-லிருந்து நடக்கிறது, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை ஆய்வு செய்து கொண்டுபோகலாம். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

ஆறாவது வாரம்: யாரிடம் சொல்வது

கிராம சபையை இழுத்தது இதற்குத்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமே. ஊராட்சித் தலைவரை இரண்டு வாரம் முன்பே பார்த்து, பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் கேளுங்கள். கேட்கும்போதே, யாரையும் குறை சொல்ல வரவில்லை, அளந்ததைச் சொல்ல வருகிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நகரத்தில் இருந்தால் வார்டு கவுன்சிலர், அதுவும் முடியாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழு. யாராவது ஒரு வெளியாள் கட்டாயம் கேட்க வேண்டும். டீச்சருக்காகச் செய்வது வேறு, ஊருக்காகச் செய்வது வேறு, பிள்ளைகள் எழுதும் தமிழே மாறிவிடும்.

மேடையில் மூன்று விஷயம் போதும்: என்ன அளந்தோம், எண் என்ன, என்ன கேட்கிறோம். எங்கள் பிள்ளைகள் கேட்டது பள்ளிக் குழாய்களுக்கு வாசரும், கடைசித் தெருவுக்குத் தண்ணீர் கூடுதலாகப் பத்து நிமிடமும். வாசர் அந்த வாரமே வந்தது. பத்து நிமிடம் வர இன்னும் இரண்டு மனு போட வேண்டியிருந்தது, அந்த மனுக்களையும் பிள்ளைகளே எழுதினார்கள்.

அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, 'கோடையில் எவ்வளவு வரும்னு சொல்லு பாப்பா' என்று கேட்டார். பாட்டிலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்த அதே பெண் மைக்கைப் பிடித்திருந்தாள். என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. 'கோடையில நாங்க அளக்கல தாத்தா. ஏப்ரல்ல அளந்துட்டு மே ஒண்ணாம் தேதி வந்து சொல்றோம்' என்றாள். தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வுக்கு நடுவே அவர்கள் பாட்டிலோடு போனார்கள், நான் கூடப் போனேன்.